பட்டறைக்கு ஏற்ற வெட்டு மேசை

லெம்பா பெர்த்தாம், பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில் ரிங்லெட் நகருக்குக் கீழே அமைந்த பள்ளத்தாக்கு ஆகும். 1929ஆம் ஆண்டு ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கியது முதல் இவ்வட்டாரத்தில் தேயிலைத் தொழில் வேரூன்றியது. தேயிலையைச் சுருட்டும் இயந்திரம், உலர்த்தும் இயந்திரம் முதலியவற்றின் பாகங்கள் தேய்ந்தால் புதியவை வேண்டும். காய்கறிக் கூடாரங்களுக்கும் இரும்புத் தாங்கிகள் தேவை. இவற்றை விரைவாகவும் ஒரே அளவாகவும் வெட்டித் தருவது சிஎன்சி பிளாஸ்மா வெட்டு மேசை.

சிறு துளையின் வழியே பாயும் அழுத்தக் காற்றை மின்பொறி பிளாஸ்மாவாக மாற்றுகிறது. அதன் வெப்பம் 20,000 டிகிரி செல்சியஸ் வரை உயரலாம். அவ்வெப்பத்தில் உலோகம் உருகுகிறது. காற்றின் வேகம் உருகியதை ஊதித் தள்ளுகிறது. வெட்டுமுனையை வரைபடத்தின்படி நகர்த்துவது கணினியின் வேலை.

இம்மேசையை வாங்குவோர் முதலில் தங்கள் வேலையைக் கணக்கிட வேண்டும். இரும்புத் தகடுகள் பெரும்பாலும் 4 அடி அகலமும் 8 அடி நீளமும் கொண்டவை. முழுத் தகட்டை வைக்க இயலாத மேசை சிறிய வேலைகளுக்கு மட்டுமே உதவும். வெட்டும் திறனையும் கவனிக்க வேண்டும். தகட்டின் ஓரத்திலிருந்து வெட்டுவது எளிது. நடுவில் துளையிட்டு வெட்டத் தொடங்குவது கடினம். எனவே, விளம்பரத்தில் காணும் உச்ச அளவை நம்பாமல், எத்தனை மில்லிமீட்டர் தகட்டைத் துளையிட முடியும் என்று கேட்டறிதல் நலம்.

அடுத்தது காற்று. மலைப்பகுதியில் ஈரப்பதம் மிகுதி. அழுத்தக் காற்றில் நீர் கலந்தால் வெட்டுமுனையின் பாகங்கள் விரைவில் கெடும், வெட்டும் கரடுமுரடாகும். ஆகவே, காற்று உலர்த்தி இன்றியமையாதது. ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் சற்றுப் பெரிய காற்றழுத்தியே ஏற்றது. பட்டறைக்கு மும்முனை மின்சாரம் உண்டா என்பதையும் முன்னரே உறுதிசெய்ய வேண்டும்.

மூன்றாவது, பாதுகாப்பு. துத்தநாகம் பூசிய தகட்டை வெட்டும்போது எழும் புகை காய்ச்சலை உண்டாக்கும். நீர்த்தொட்டி கொண்ட மேசை புகையையும் தூசியையும் குறைக்கும். ஆனால், அதன் மேல் அலுமினியத்தை வெட்டினால் ஹைட்ரஜன் வாயு தேங்கி வெடிக்கக்கூடும். தொட்டியில் படியும் உலோகச் சேற்றைப் பெர்த்தாம் ஆற்றில் கொட்டுதல் கூடாது. அதனை முறையாக அகற்ற வேண்டும்.

மேசையை வைக்கும் இடமும் முக்கியம். 2013 அக்டோபர் 23ஆம் நாள், சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர் திறந்துவிடப்பட்டபோது இப்பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைப் பறித்தது. ஆற்றோரப் பட்டறைகளில் மின்கருவிகளையும் கணினியையும் உயரமான இடத்தில் பொருத்துவதே அறிவுடைமை.

இறுதியாக, உதிரிப் பாகங்கள் எளிதில் கிடைக்குமா, பழுதுபார்ப்பவர் மலையேறி வருவாரா என்று விசாரிக்க வேண்டும். மண்சரிவால் சாலை அடைபட்டால் வேலை நின்றுவிடும். வெட்டுமுனைகளைச் சேமித்து வைத்திருந்தால் அக்கவலை குறையும்.

'விரலுக்குத் தகுந்த வீக்கம்' என்பர். விலையையும் வேகத்தையும் மட்டும் பார்த்து வாங்கிய இயந்திரம் மூலையில் கிடக்கும். வேலைக்கும் இடத்துக்கும் பொருந்திய இயந்திரமே பட்டறைக்கு வருவாயையும் தொழிலாளருக்குப் பாதுகாப்பையும் தரும்.