வலென்சியாவில் ஒரு வியாழக்கிழமை

ஸ்பெயினின் கிழக்குக் கரையிலுள்ள வலென்சியாவுக்குப் போவதென்றால் வியாழக்கிழமை அங்கே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அன்று நண்பகல் 12 மணிக்குப் பேராலய வாசலில் தண்ணீர் நீதிமன்றம் கூடும். வாய்க்கால் தகராறுகளை விவசாயிகளே விசாரித்துத் தீர்ப்புச் சொல்வார்கள். வக்கீல் கிடையாது, எல்லாம் வாய்மொழிதான். வழக்கே இல்லாத நாளில் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதற்கும் கூட்டம் நிற்கும்!

பிறகு சாப்பாடு. பயேயா என்ற அரிசி உணவு பிறந்த பூமி இது. நகருக்குத் தெற்கே அல்புஃபேரா ஏரியைச் சுற்றி நெல்வயல்கள். அந்தக் குட்டை அரிசியோடு கோழி, முயல் கறி, பீன்ஸ், குங்குமப்பூ சேர்த்து, அகன்ற தட்டைச் சட்டியில் கிளறாமல் வேகவிடுவார்கள். அடியில் பிடிக்கும் மொறுமொறு காந்தலுக்குத்தான் போட்டியே. உள்ளூர்க்காரர்களுக்கு இது மதியச் சாப்பாடு. இரவில் கேட்டால் நீங்கள் வெளியூர் என்பது தெரிந்துவிடும்.

உண்ட களைப்புக்குத் துரியா பூங்காவில் நடக்கலாம். 1957 வெள்ளத்துக்குப் பின் துரியா ஆற்றையே வேறு பக்கம் திருப்பிவிட்டு, பழைய படுகையைப் பூங்காவாக்கியிருக்கிறார்கள்.

மத்தியச் சந்தையைப் பார்க்க விரும்பினால் காலையிலேயே போய்விடுங்கள். ஞாயிறு விடுமுறை, மற்ற நாட்களில் பிற்பகல் 3 மணியோடு கடை கட்டிவிடுவார்கள்.