காலிபின் டில்லி

1990 அக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார் உப்புக்குளத்தை விட்டு வள்ளமேறி, கற்பிட்டியில் கரையிறங்கியவர்கள் நாங்கள். அதனால்தானோ என்னவோ, மிர்ஸா காலிபின் கஸல்களைவிட அவருடைய கடிதங்கள்தான் எனக்கு நெருக்கம். 1797இல் ஆக்ராவில் பிறந்து டில்லியில் வாழ்ந்த இந்த உருதுக் கவிஞர், 1857 கிளர்ச்சிக்குப் பின் ஆங்கிலேயர் நகரத்து முஸ்லிம்களைத் துரத்தியதைக் கண்ணால் கண்டு கடிதங்களில் எழுதியவர். அந்த 1857 அக்டோபரில் அவருடைய தம்பி யூசுப் மௌத்தானபோது கபன் துணி வாங்கக் கடையில்லை. வீட்டிலிருந்த வெள்ளை விரிப்புகளில் சுற்றித்தான் அடக்கினார்கள். பென்ஷனும் நின்றது, கடன் ஏறியது. (ஆனாலும் மனுஷர் மதுவை விடவில்லை!)

இனி அவருடைய கஸல்களுக்கு வருவோம். கஸலில் ஒவ்வோர் ஈரடியும் தனிக்கவிதை. கடைசி ஈரடியில் கவிஞர் தன் பெயரை வைப்பார். காலிப் அங்கே தன்னையே நக்கலடிப்பார். தமிழில் கஸலை ருசிக்க, கவிக்கோ அப்துல் ரகுமானின் ‘மின்மினிகளால் ஒரு கடிதம்’ நூலைத் தேடி வாசியுங்கள்.