எலும்பு போய் பன் வந்தது

லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஈஸ்ட் ஹாலிவுட்டில், 2017-இல், கார் நிறுத்தும் இடம் ஒன்றில் இருட்டிய பிறகு ஒரு சாப்பாட்டுக் கடை முளைத்தது. கடை என்று சொல்வதே மரியாதைக்காகத்தான். தள்ளுவண்டிக்காவது சக்கரம் உண்டு. இதற்கு அதுவும் கிடையாது. மேசையைப் போட்டு, எண்ணெய்ச் சட்டியைச் சூடேற்றி, வந்தவர்களுக்குப் பொரித்துக் கொடுத்தார்கள். சிறுவயது முதலே கூட்டாளிகளான ஆர்மீனிய-அமெரிக்க இளைஞர்கள் சேர்ந்து போட்ட முதல் 900 டாலர்.

இன்று அதன் பெயர் டேவ்ஸ் ஹாட் சிக்கன். முந்நூறுக்கு மேற்பட்ட கிளைகள். 2025 ஜூனில் ரோர்க் கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனம் இதன் பெரும்பங்கை வாங்கியபோது கடைக்குப் போடப்பட்ட மதிப்பு ஏறக்குறைய 100 கோடி டாலர். நம் ஊர்க்காரர்களுக்கும் பழக்கமான சப்வே, பாஸ்கின் ராபின்ஸ் எல்லாம் இதே ரோர்க்கின் குடைக்குள் இருப்பவைதாம்.

எட்டே வருடம். இந்த மாதிரிக் கதைகளை உழைப்பு, விடாமுயற்சி, நண்பர்களின் ஒற்றுமை என்று முடித்துவிடுவது வழக்கம். அதெல்லாம் இருந்திருக்கும், மறுக்கவில்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது தட்டில் நடந்த ஒரு மாற்றம். அதைப் பார்க்க லாஸ் ஏஞ்சலிஸை விட்டு, மூவாயிரம் கிலோமீட்டர் கிழக்கே, டென்னஸி மாநிலத்தின் நாஷ்வில்லுக்குப் போகவேண்டும்.

அங்கே கறுப்பர்கள் வாழும் பகுதிகளில் 1930-கள் முதலே ஒரு பொரித்த கோழி உண்டு. தோர்ன்டன் பிரின்ஸ் என்பவர் ராத்திரியெல்லாம் வெளியே சுற்றிவிட்டு வீடு திரும்பினார். கோபத்தில் இருந்த காதலி, தண்டனையாகக் காலைக் கோழியில் மிளகாயை வாரிக் கொட்டினாள். ஆசாமி ருசித்துச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கேட்டார். குடும்பத்தார் சொல்லிவரும் கதை இது. அந்தப் பெண்ணின் பெயர் மட்டும் கதையில் இல்லை. செய்முறை அவளுடையது, பிறகு அதை விற்கத் திறந்த கடை அவருடையது!

அந்தக் கடையில் இனப்பாகுபாடு தலைகீழாக நடந்ததாகவும் சொல்வார்கள். அமெரிக்கத் தெற்கில் கறுப்பர்கள் பின்வாசல் வழியாகத்தான் உணவகங்களில் நுழைய முடிந்த காலம். பிரின்ஸ் கடையிலோ முன்பக்கம் கறுப்பர்களுக்கு. கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற கன்ட்ரி இசை நிகழ்ச்சியில் பாடி முடித்துவிட்டுப் பசியோடு வரும் வெள்ளைக்காரப் பாடகர்கள் சமையற்கட்டின் வழியாகப் பின்னறைக்குப் போய் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அன்று அந்தக் கோழி எப்படி இருந்தது? மார்போ காலோ, எலும்போடு பெரிய துண்டு. மாவில் புரட்டி இரும்பு வாணலியில் பொரிப்பார்கள். பிறகுதான் விஷயம். கயேன் மிளகாய்த்தூளையும் மற்றப் பொடிகளையும் சூடான கொழுப்பில் குழைத்துச் செங்கல் நிறத்தில் ஒரு விழுது செய்து, பொரிந்து வந்த துண்டின் மேல் பூசுவார்கள். நம் வறுவலில் மசாலா உள்ளே ஊறும். இதில் காரம் முழுக்க வெளியே, எண்ணெயோடு சேர்ந்து தோலில் உட்கார்ந்திருக்கும். முதல் கடியில் மொறுமொறுப்புதான் தெரியும். உறைப்பு ஒரு கணம் தாழ்த்தி உதட்டிலும் காதோரத்திலும் ஏறும். துண்டுக்கு அடியில் ஒரு வெள்ளை ரொட்டி, மேலே வினிகரில் ஊறிய வெள்ளரி வில்லை. வடியும் சிவப்பு எண்ணெயைக் குடித்து ஊறிப்போகும் அந்த ரொட்டியைக் கடைசியில் சாப்பிடுவதற்காகவே வருகிறவர்கள் உண்டு.

இதில் ஒரு சங்கடம், நேரம். கோழி வெந்துவிட்டது என்று அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதிகள் ஒப்புக்கொள்ள, உள்ளே 74 டிகிரி செல்சியஸ் சூடு ஏறியிருக்கவேண்டும். எலும்புள்ள தடித்த துண்டில் அந்தச் சூடு நிதானமாகத்தான் நுழையும். தீயைக் கூட்டினால் தோல் கருகும், எலும்போரம் இரத்தம் நிற்கும். ஆகவே ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான், மணிக்கணக்கில்கூட. தோர்ன்டனின் உறவுவழிப் பேத்தி ஆண்ட்ரே பிரின்ஸ் ஜெஃப்ரீஸ் 1980-இல் கடையை ஏற்று, 2013-இல் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளையின் விருதும் வாங்கினார். அதற்கு இடைப்பட்ட காலத்தில் இது பெரும்பாலும் நாஷ்வில்காரர்களின் சொந்த விஷயமாகவே இருந்தது.

மற்றவர்களும் மெல்ல இதில் இறங்கினார்கள். வெள்ளைக்காரர்கள் நடத்தும் ஹாட்டி பீஸ் என்ற கோழிக் கடை 2012-இல் நாஷ்வில்லில் திறந்தது. 2016 தொடக்கத்தில் கேஎஃப்சி ‘நாஷ்வில் ஹாட்’ என்று நாடெங்கும் விற்றது. லாஸ் ஏஞ்சலிஸுக்கு இந்தக் கோழியைக் கொண்டுவந்தவர் ஜானி ரே சோன் என்ற சமையல்காரர். 2015-இல் வண்டியில் தொடங்கி, அடுத்த வருடமே சைனாடவுனின் ஃபார் ஈஸ்ட் பிளாஸாவில் ஹவ்லின் ரேஸ் என்று கடை போட்டார். அங்கே வரிசை இரண்டு மூன்று மணி நேரம் நீண்டது. நம் கதாநாயகர்கள் பார்த்தது இந்த வரிசையைத்தான்.

அவர்களில் டேவ் கொபுஷ்யன் தாமஸ் கெல்லரின் சமையலறையில் பயின்றவர். அமெரிக்காவில் பிரெஞ்சு முறை உயர்தரச் சமையலுக்குக் கெல்லருக்கு மேல் பெயர் கிடையாது. அங்கே கற்ற கையை டேவ் எதற்குப் பயன்படுத்தினார் என்பதுதான் சுவாரஸ்யம். பட்டியலைச் சுருக்கினார். கால் இல்லை, இறக்கை இல்லை, எலும்பே இல்லை. டெண்டர் எனப்படும் நீளவாக்குச் சதைத்துண்டு மட்டும்.

எல்லா மாற்றமும் இங்கே இருப்பதாக நான் நினைக்கிறேன். எலும்பில்லாத துண்டுகள் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். சில நிமிடங்களில் ஒன்றுபோல வேகும். எது வெந்தது எது வேகவில்லை என்று பார்த்தவுடன் சொல்ல அனுபவப்பட்ட கண் வேண்டாம். அலாரம் அடித்தால் எடுத்தால் போதும். நேற்று வேலைக்குச் சேர்ந்த கல்லூரி மாணவனும் இன்று பொரிக்கலாம். இன்னொன்று, எலும்பு இருக்கும்வரை அதைப் பன்னுக்குள் வைக்க முடியாது. எலும்பு போனதும், அடியில் எண்ணெய் குடித்துக் கிடந்த ரொட்டி இரண்டாகப் பிரிந்து மேலும் கீழுமாக அணைத்துக்கொண்டது. நடுவில் கோழி, கொஞ்சம் முட்டைக்கோஸ் சாலட், வெள்ளரி வில்லை, சாஸ். ஒரு கையில் ஸ்டீயரிங், மறு கையில் சாண்ட்விச். கார் இல்லாமல் நகர முடியாத ஊரில் இதற்கு மேல் என்ன வேண்டும்?

தொடங்கிய சில நாட்களிலேயே ஈட்டர் என்ற உணவு இணைய இதழ் இந்தக் கடையைப் பற்றி எழுத, வாகன நிறுத்தத்தில் கூட்டம் தாங்கவில்லை. அன்று கடையை வளர்த்தது வரிசைதான். நிற்பவர்கள் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டார்கள். அதைப் பார்த்தவர்கள் மறுநாள் வந்து நின்றார்கள். விளம்பரச் செலவு ஒரு காசு இல்லை.

அதே வருடம் அதே நகரத்தில் நடைபாதையில் வைத்து விற்பது சட்டப்படி அனுமதிக்கப்படாத தொழில். மாங்காய்க் கீற்றும் தமாலே என்ற சோளமாவுப் பண்டமும் விற்ற மெக்ஸிகோ, மத்திய அமெரிக்கப் பெண்கள் பல்லாண்டுகளாக அபராதமும் பறிமுதலும் அனுபவித்துக்கொண்டிருந்தார்கள். 2017 பிப்ரவரியில்தான் நகர மன்றம் அதைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்க முடிவெடுத்தது. கலிபோர்னியா முழுமைக்குமான சட்டம் 2019 ஜனவரியில் அமலுக்கு வந்தது. உணவு விற்பவர்களுக்குச் சுகாதார அனுமதியின் கெடுபிடிகளைத் தளர்த்த 2022-இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. தமாலே விற்றவர்களும் தெருவில் நின்றவர்கள்தாம், அவர்கள் முன்னும் வரிசை இருந்தது. அவர்களிடம் முதலீட்டாளர் யாரும் போய்க் கதவைத் தட்டியதாகத் தெரியவில்லை. டேவின் நண்பர்கள் மேல் இதைப் பழியாகப் போடுவது நியாயமில்லை. ஆனால் 900 டாலர் கதையை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வதும் நியாயமில்லை.

2018-இல் வெஸ்டர்ன் அவென்யூவில் சொந்தக் கடை. சுவரெல்லாம் கிராஃபிட்டி ஓவியம். தெருவைவிட்டு உள்ளே போன கடை, தெருவைச் சுவரில் வரைந்துகொண்டது. 2019-இல் வெட்ஸெல்ஸ் பிரெட்ஸெல்ஸ் என்ற தின்பண்டக் கடைத் தொடரை நடத்திய பில் ஃபெல்ப்ஸ் பொறுப்பேற்றுக் கிளை உரிமம் விற்கத் தொடங்கினார். ராப் பாடகர் டிரேக், நடிகர் சாமுவேல் எல். ஜாக்சன் போன்றோரும் பணம் போட்டார்கள். இன்று எந்தக் கிளைக்குப் போனாலும் காரத்துக்கு ஏழு படி. காரமே இல்லாததில் தொடங்கி ‘ரீப்பர்’ வரை. பெயர் கரோலினா ரீப்பர் மிளகாயிலிருந்து வந்தது. எட் கரி தென் கரோலினாவில் உருவாக்கிய அந்த மிளகாய் 2013 முதல் பத்து வருடம் உலகின் மிகக் காரமான மிளகாய் என்ற கின்னஸ் பட்டத்தை வைத்திருந்தது. ரீப்பர் கேட்டால் முதலில் ஒரு தாளை நீட்டுவார்கள்: எனக்கு என்ன ஆனாலும் கடை பொறுப்பல்ல. கையெழுத்துப் போட்டால்தான் கோழி. ஒருத்தி கோபத்தில் அள்ளிக் கொட்டிய மிளகாய்க்கு இப்போது வக்கீல் காவல்!

படிநிலைகளைக் கண்டுபிடித்தவர்கள் இவர்கள் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். பிரின்ஸ் கடையிலும் காரத்துக்குப் படிகள் உண்டு. பெரிய கிளை நிறுவனத்துக்கு வேண்டியிருப்பது, ஹூஸ்டனில் வாங்கும் ‘மீடியம்’ டொராண்டோவிலும் அதே மீடியமாக இருப்பது. அதை டேவ்ஸ் சாதித்திருக்கிறது. சுவை மோசம் என்று குறை சொல்ல வழியில்லை. வரிசைதான் காணாமல்போனது. வாடிக்கையாளர் ஃபோனில் சொல்லிவிட்டு வந்து பையை எடுத்துக்கொண்டு போகிறார். காத்திருப்பது இப்போது நிர்வாகத்தின் கணக்கில் ஒரு குறைபாடு.

நாஷ்வில்லில், பிரின்ஸ் கடை பல்லாண்டுகள் இருந்த யூயிங் டிரைவ் இடம் 2018 இறுதியில் கார் மோதித் தீப்பிடித்ததில் போய்விட்டது. நோலன்ஸ்வில் பைக் என்ற சாலையில் உள்ள கடை நடக்கிறது. நகர மையத்தின் பெரிய உணவுக்கூடத்திலும் ஒரு கவுண்டர் போட்டிருக்கிறார்கள். காலும் மார்பும் எலும்போடு இன்னும் கிடைக்கின்றன. டெண்டரும் பட்டியலில் ஏறிவிட்டது, அதோடு பன்னுக்குள் வைத்த சாண்ட்விச்சும்.