கருநாடக இசையில் தொடக்கநிலை இசைக்கருவிகள்

கருநாடக இசையில் தொடக்கநிலை இசைக்கருவி என்பது, முன்பயிற்சி இல்லாத ஒருவர் முதன்முதலாகக் கற்றுக்கொள்வதற்கு ஏற்றது எனக் கருதப்படும் கருவியைக் குறிக்கும். வீணை, வயலின், புல்லாங்குழல், மிருதங்கம், கீபோர்டு ஆகியவை பெரும்பாலும் இவ்வாறு தேர்ந்தெடுக்கப்படுகின்றன. இவற்றுள் எது எளிது என்பதற்கு ஒற்றை விடை கூற இயலாது. முதல் நாளில் எளிதாக இருக்கும் கருவி, மூன்றாம் ஆண்டில் மிகக் கடினமானதாக மாறக்கூடும்.

எளிமை என்பதன் பொருள்

ஒரு கருவியின் எளிமையை மூன்று நிலைகளில் நோக்கலாம். தெளிவான ஒலியை எழுப்புவது முதலாவது. சுரத்தைச் சரியான இடத்தில் பிடிப்பது அடுத்தது. பிடித்த சுரத்தை இராகத்திற்கேற்ப அசைப்பது, அதாவது கமகம், மூன்றாவது. கருநாடக இசையில் சுரங்கள் பல இடங்களில் நிலையாக நிற்பதில்லை. தோடி இராகத்தின் காந்தாரத்தை அசைவின்றி இசைத்தால், சுரத்தானம் சரியாக இருந்தாலும் கேட்பவருக்குத் தோடி தோன்றாது.

தொடக்கப் பாடங்களில் இந்த மூன்றாம் நிலை பெரும்பாலும் மறைந்தே இருக்கும். சரளி வரிசை, சண்ட வரிசை, அலங்காரம் ஆகிய பயிற்சிகளை வகுத்தவராகப் புரந்தரதாசர் (1484–1564) கருதப்படுகிறார். இவை மாயாமாளவகௌளை இராகத்தில், கமகம் மிகுதியாக இன்றிக் கற்பிக்கப்படுகின்றன. வர்ணம் கற்கத் தொடங்கும்போதுதான் கமகத்தின் தேவை முழுமையாக வெளிப்படுகிறது. கருவியைத் தேர்ந்தெடுத்ததில் குறை இருப்பின், அது பெரும்பாலும் இக்கட்டத்திலேயே தெரியவரும். அதற்குள் ஓரிரு ஆண்டுகள் கழிந்திருக்கும்.

கீபோர்டும் ஆர்மோனியமும்

கீபோர்டில் கட்டையை அழுத்தியவுடன் சுரம் சரியாக ஒலிக்கும். சுருதி சேர்க்க வேண்டியதில்லை. விரும்பிய சுருதிக்கு ஒரு பொத்தானால் மாற்றிக்கொள்ளலாம். எனவே முதலிரண்டு நிலைகளில் இதைவிட எளிய கருவி இல்லை எனலாம். ஆனால் ஒரு தாயிக்குப் பன்னிரண்டு கட்டைகளே உள்ளன. இரு கட்டைகளுக்கு இடையில் வழுக்கிச் செல்ல வழியில்லை.

இக்குறை புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. ஆர்மோனியம் இந்திய இசைக்குப் பொருந்தாது என்ற வாதத்தின் விளைவாக, அனைத்திந்திய வானொலி 1940 இல் அக்கருவியைத் தடை செய்தது. 1971 இல்தான் அத்தடை தளர்த்தப்பட்டது. தற்காலக் கீபோர்டுகள் பலவற்றில் சுரத்தை மேலும் கீழும் வளைப்பதற்கான சக்கரம் உண்டு. வலக்கை வாசிக்கும்போது இடக்கையால் அதனைத் திருப்பிக் கமகங்களைத் தரும் தேர்ந்த கலைஞர்களும் உள்ளனர். எனினும் அத்திறன் தொடக்கநிலையாளருக்கு உரியதன்று. திரைப்பாடல், மெல்லிசை ஆகியவற்றை வாசிப்பதே நோக்கமாயின் கீபோர்டு மிகப் பொருத்தமானது. கருநாடக இசையே நோக்கமாயின், எளிது என்ற காரணத்திற்காக மட்டும் இதனைத் தேர்வது நல்லதன்று.

வீணை

வீணையில் 24 மெட்டுகள் இருப்பதால் சுரத்தானம் கண்ணுக்குத் தெரியும். தந்தியை மீட்டியவுடன் ஒலி எழும். ஒரே மெட்டில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து அடுத்தடுத்த சுரங்களை எழுப்பலாம் என்பதால் கமகத்திற்கும் குறைவில்லை. மூன்று நிலைகளையும் சேர்த்து நோக்கினால், தொடக்கநிலையாளருக்கு மிகவும் நடுநிலையான கருவி இதுவே. மெட்டுகளைப் பார்த்து வாசிக்கும் மாணவர், இழுக்கும்போது மட்டும் செவியை நம்பப் பழகுகிறார்; இவ்வாறு கடினம் சிறிது சிறிதாகக் கூடுகிறது.

இதன் தடைகள் வேறு வகையானவை. தந்தி அழுத்தும் விரல்நுனிகள் காய்த்துப்போகும் வரை சில வாரங்கள் வலி இருக்கும். கருவி பெரியது, பேருந்தில் எடுத்துச் செல்ல இயலாதது, விலையும் மிகுதி. மெட்டுகள் மெழுகின்மேல் பதிக்கப்பட்டிருப்பதால், காலப்போக்கில் அவற்றை மீண்டும் அமைக்கத் தேர்ந்த கைவினைஞர் தேவை. வாசிக்கும் நான்கு தந்திகளோடு தாளத்திற்குரிய மூன்று தந்திகளுக்கும் சுருதி சேர்க்க வேண்டும். தொடக்கத்தில் இதனை ஆசிரியரே செய்து தருவது வழக்கம்.

வயலின்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசுவாமி தீட்சிதர் போன்றோரால் கருநாடக இசைக்குக் கொண்டுவரப்பட்ட வயலினில் மெட்டுகள் இல்லை. வில் தந்தியில் கீறலின்றிச் செல்வதற்கே பல வாரங்கள் ஆகலாம். வீட்டில் உள்ளவர்களின் பொறுமையும் இக்காலத்தில் சோதிக்கப்படும். ஆனால் இக்கடினம் முன்னதாகவே வந்துவிடுகிறது. கை படிந்த பின்னர், விரலை வழுக்கி எந்தக் கமகத்தையும் தரலாம்.

முதல் பாடத்திற்கு இதில் ஒரு வசதியும் உண்டு. தந்திகள் ச, ப, ச, ப என்று சுருதி சேர்க்கப்படுகின்றன. மாயாமாளவகௌளையின் முற்பாதியும் (ச ரி க ம) பிற்பாதியும் (ப த நி ச) ஒரே இடைவெளிகளைக் கொண்டவை. எனவே ஒரு தந்தியில் கற்ற விரலிடத்தை அடுத்த தந்தியிலும் அப்படியே பயன்படுத்தலாம். சிறுவர்களுக்கு அரை, முக்கால் அளவுகளில் வயலின்கள் கிடைக்கின்றன.

புல்லாங்குழல்

இவற்றுள் விலை குறைந்ததும் எளிதில் எடுத்துச் செல்லக்கூடியதும் மூங்கில் குழலே. பக்கவாட்டில் ஊதப்படுவதால் உதடுகளைச் சரியாக அமைத்தால்தான் ஒலி வரும். சிலருக்கு முதல் நாளிலேயே வரும், சிலருக்கு வாரக்கணக்கில் ஆகும். இடைவிடாமல் ஊதினால் தலைசுற்றல் ஏற்படலாம் என்பதால், தொடக்கத்தில் இடையிடையே ஓய்வெடுத்துப் பயில்வது நன்று.

கருநாடக இசைக் குழலில் துளைகளை முழுமையாக மூடித் திறந்தால் இயல்பாகக் கிடைப்பது அரிகாம்போதியின் சுரங்களாகும். பழந்தமிழிசையின் செம்பாலை அரிகாம்போதியே என்று ஆய்வாளர் பலர் கருதுவது இங்கு நினைவுகூரத்தக்கது. மாயாமாளவகௌளைக்கோ சில துளைகளைப் பாதி மட்டும் திறக்க வேண்டும். இதனால் ஆசிரியர் சிலர் குழல் மாணவர்களுக்கு அரிகாம்போதியில் பாடத்தைத் தொடங்குகின்றனர். சிறிய கைகளுக்கு, துளைகள் நெருங்கி அமைந்த, கட்டை எண் கூடிய குட்டைக் குழலே பொருந்தும்.

தாளக்கருவிகள்

சுரத்தானம் பற்றிய கவலை இல்லாததால் மிருதங்கம் எளிதெனத் தோன்றும். த, தி, தொம், நம் என்னும் முதற்சொற்களும் விரைவில் கைவரும். ஆனால் அதற்கும் சுருதி சேர்த்தல் உண்டு. வாசிக்கும்போது இடப்பக்கத்தில் இரவைப் பசை இடவும் கற்க வேண்டும். கஞ்சிரா சிறியது, ஒரு கையால் வாசிக்கப்படுவது. அதனாலேயே அதை எளிதென எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலோர் மிருதங்கம் கற்ற பின்னரே அதனை எடுக்கின்றனர்.

ஆசிரியர்

நடைமுறையில் தேர்வை முடிவு செய்வது பெரும்பாலும் அருகில் ஆசிரியர் உள்ளாரா என்பதே. தமிழ்நாட்டின் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. இலங்கையில் வட இலங்கைச் சங்கீத சபையின் தேர்வுகளுக்கு மாணவர்கள் வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம் முதலியவற்றைப் பயில்கின்றனர்.

ஆசிரியர் உறுதியாகும் முன் கருவியை வாங்காதிருப்பது நல்லது. குழல் மாணவரின் கைக்கும் ஆசிரியரின் சுருதிக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும். வீணையையும் வயலினையும் பழகியவர் ஒருவர் வாசித்துப் பார்த்தே வாங்க வேண்டும். ஆசிரியர் கிடைக்கும் வரை ஒரு சுருதிப்பெட்டியோடு சரளி வரிசையைப் பாடிப் பழகலாம். பின்னர் எக்கருவியை எடுத்தாலும், பிடிக்க வேண்டிய சுரம் எது என்பது செவிக்கு முன்பே தெரிந்திருக்கும்.