கைப்பேசிப் பணமும் நம் காவலும்

பழவேற்காடு ஏரிக்கரையில் இறாலும் நண்டும் விற்போரிடமும் இன்று கைப்பேசி வழியே பணம் வந்து சேர்கின்றது. 2016ஆம் ஆண்டில் தோன்றிய யு.பி.ஐ. முறையால் சில்லறைத் தொல்லை குறைந்தது உண்மையே. ஆயினும் வசதியோடு வஞ்சகமும் உடன் வந்துள்ளது.

"மீனுக்கு முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து இரகசிய எண்ணை இடுங்கள்" என்று முகமறியாத ஒருவர் கூறுவார். அவ்வாறு செய்தால் வரவேண்டிய பணத்திற்குப் பதிலாக இருந்த பணமும் போய்விடும். இரகசிய எண், பணம் செலுத்தவும் இருப்பைப் பார்க்கவுமே தேவை. பணம் பெறுவதற்கு ஒருபோதும் தேவையில்லை. இதை மனத்தில் பதித்தல் வேண்டும்.

வாங்குவோர் தம் கைப்பேசியில் காட்டும் படத்தை நம்பிச் சரக்கைக் கொடுத்தலும் ஆகாது. நம் கணக்கில் பணம் ஏறியதைக் கண்ட பின்னரே கொடுப்போமாக. கடையில் ஒட்டியுள்ள நம் குறியீட்டின்மேல் பிறர் தம்முடையதை ஒட்டியுள்ளனரா என்பதையும் நாள்தோறும் பார்ப்பது நலம்.

ஏமாந்தவர் வெட்கத்தால் வாய் மூடியிருப்பதே பெருந்தீங்கு. உடனே 1930 என்னும் எண்ணுக்கும் வங்கிக்கும் அறிவித்தால், பணம் மேலும் கைமாறுமுன் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு.

ஏரியில் யார், எங்கு, எந்நாளில் வலையிடுவது என்பதைப் 'பாடு' முறையால் ஊர் கூடி வகுத்துக்கொண்டவர்கள் இம்மீனவர்கள். அந்த ஒற்றுமை இதிலும் வேண்டும். ஒருவர் பட்ட நஷ்டத்தைச் சங்கக் கூட்டத்தில் கூறினால் ஊரே விழித்துக்கொள்ளும். நெசவாளருக்கும் விவசாயிக்கும் இது பொருந்தும்.