துத்திப்பட்டில் ஒரு களம்

நெல்லடிக்கக் களம் போடுவதைப் பாகூர்ப் பக்கம் பார்த்தவருக்குக் கிரிக்கெட் பிட்ச் பாதி தெரிந்த சங்கதி. மண்ணைக் கொத்தி, தண்ணீர் தெளித்து, பதம் பார்த்துத் திம்சுக்கட்டையால் அடித்து இறுக்கி, மேலே சாணி மெழுகுவார்கள். ஈரம் கூடினால் மண் காலோடு வரும். குறைந்தால் புழுதி பறக்கும். வில்லியனூர் கொம்யூனில், துத்திப்பட்டுச் செம்மண் பூமியில் இருக்கும் சீகெம் மைதானத்திலும் பாடு இந்தப் பதத்தோடுதான். சாணி மட்டும் கிடையாது. பிட்சின் நீளம் 22 கெஜம், அதாவது 20.12 மீட்டர்; அகலம் 3.05 மீட்டர்.

இந்தக் களத்துக்கு ரஞ்சி ஆட்டம் வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934-ல் சேப்பாக்கத்தில் நடந்தது. மதராஸும் மைசூரும் ஆடி ஒரே நாளில் முடித்துவிட்டார்கள்! அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில். 1954-ல் இந்தியாவோடு சேர்ந்த பிறகும் நமக்கென்று ரஞ்சி அணி அமையவில்லை. 2018-19 பருவத்தில் மேகாலயா, நாகாலாந்து போன்ற வடகிழக்கு மாநிலங்களோடுதான் புதுச்சேரிக்கும் இடம் கிடைத்தது. அதற்குள் எத்தனை பேருக்கு ஆடும் வயசே போய்விட்டதோ. அந்த அணிக்குத் துத்திப்பட்டுதான் சொந்த மைதானம்.

பிட்சின் மேல்படலம் களிமண். அதன் துகள் ஒவ்வொன்றும் 2 மைக்ரானுக்கும் சிறிய தகடு. தகடுகளுக்கு இடையே தண்ணீர் புகுந்தால் மண் உப்பும். காய்ந்தால் சுருங்கி இறுகும். ஈரம் சரியாக இருக்கும்போது ரோலரை ஓட்டினால் உள்ளே இருக்கும் காற்று வெளியேறி, தகடுகள் ஒன்றோடொன்று நெருங்கிப் படியும். சேறாக இருக்கும்போது ஓட்டினால் மண் பிதுங்கும். முழுக்கக் காய்ந்த பிறகு ஓட்டிப் பயனில்லை. அதனால் சில நாளுக்குத் தண்ணீரும் ரோலரும் மாறி மாறி நடக்கும்.

வெயில் மேல்மண்ணைத்தான் காயவைக்கும். அடியில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சி எடுப்பது புல்லின் வேர். பெர்முடா என்று பெரிய பெயர் சொல்லி வளர்க்கும் அந்தப் புல் வேறொன்றுமில்லை, நம் அருகம்புல். வயலில் பிடுங்கிப் பிடுங்கி அலுத்துப்போகும் அதே சனியன், இங்கே மண்ணைக் கட்டிப்பிடிக்கும் கயிறு.

நான்கு நாள் ஆட்டத்தில் ஈரம் வற்ற வற்ற வெடிப்பு விழும், பந்து திரும்பும். ஒருநாள் ஆட்டத்தில் களம் உடைவதற்கு அவகாசமே இல்லை. 2023 ஜூலை 24 முதல் ஆகஸ்ட் 3 வரை தியோதர் கோப்பை ஒருநாள் போட்டி முழுவதும் புதுச்சேரியில் நடந்தது. இறுதியில் தெற்கு மண்டலம் 328 அடித்தது. துரத்திய கிழக்கு மண்டலம் 283-ல் சுருண்டது. ஒரே நாளில் 611 ஓட்டம் என்றால் களம் எவ்வளவு இறுகிக் கிடந்திருக்கும்!

நம் ஊரில் சிக்கல் ஐப்பசியில்தான். ரஞ்சிப் பருவம் தொடங்குவதும் வடகிழக்குப் பருவமழை கொட்டுவதும் ஒரே சமயம். பிட்சுக்கு மேல் பாய் விரித்து மூடினாலும், ஓரத்தில் ஒரு கை தண்ணீர் கசிந்தால் போதும். அந்த இடம் மட்டும் உப்பி மெத்தென்று ஆகிவிடும். பிறகு வெயிலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.