சிக்கிமுக்கிக் கல்லும் செங்கல்லும்: ஓர் ஆங்கிலக் கிராமியச் சுவரின் சமூகவியல்

கட்டடக்கலை வரலாறு பெரும்பாலும் அரண்மனைகளினதும் தேவாலயங்களினதும் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இங்கிலாந்தின் நோர்போக், சபோக், சசெக்ஸ் ஆகிய பகுதிகளிற் காணப்படும் பழைய கிராமிய வீடுகள் இந்நோக்கின் போதாமையை உணர்த்துவன. சாம்பல் நிறச் சிக்கிமுக்கிக் கற்களுக்கிடையே செங்கல் வரிகள் ஓடும் அவற்றின் சுவர்களைப் பலரும் வியந்துள்ளனர். அவ்வழகு எத்தேவைகளின் வழிப் பிறந்தது என்பதே நமது வினா.

இப்பகுதிகளிற் பெரும்பாலானவற்றின் அடிநிலம் மென்மையான சுண்ணப்பாறையாகும். சதுரமாகச் செதுக்கத்தக்க நல்ல கல் அங்கு அரிது. 1096இல் தொடங்கப்பட்ட நொரிச் பேராலயத்துக்குத் திருச்சபை பிரான்சின் கான் பகுதியிலிருந்து கல் தருவித்தது. கிராமத்தவருக்கு வாய்த்ததோ, சுண்ணப்பாறையில் விளைந்து வயல்களிற் சிதறிக் கிடந்த சிக்கிமுக்கிக் கல்லே.

இக்கல் கடினமானது, ஈரத்தை உறிஞ்சாதது. ஆதலாற் சுண்ணாம்புச் சாந்து மெதுவாகவே இறுகும். சுவரைச் சிறிது சிறிதாகவே உயர்த்த முடியும். உருண்டு திரண்ட கற்களைக் கொண்டு நேரான மூலை அமைப்பதும் கடினம். எனவே மூலைகளிலும், கதவு சாளர ஓரங்களிலும், சுவரைக் கிடையாகப் பிணைக்கும் வரிசைகளிலும் செங்கல் இடம்பெற்றது. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த பர்க் காசில் உரோமர் கோட்டையிலும் இத்தகைய சுட்டகல் வரிசைகளைக் காணலாம். செங்கல்லோ விலைபொருள், 1784 முதல் 1850 வரை அதன்மீது வரியும் இருந்தது. ஆகவே இன்றியமையாத இடங்களில் அதனைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதே எளியோர்க்கு இயல்பாயிற்று.

சுவரில் வர்க்க வேறுபாடும் பதிந்துள்ளது. உடைத்துச் சமன்செய்த கல்முகம், மிகுந்த உழைப்பை வேண்டுவதால், வசதியுள்ளோர் வீட்டின் தெருப்பக்கத்தை அணிசெய்தது. பின்புறச் சுவர் பெரும்பாலும் உடைக்காத கல்லாகவே விடப்பட்டது. நிலத்திற் கிடந்த கல் இலவசமானது என்பதும் முழு உண்மையன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பெண்களும் சிறுவரும் அற்பக் கூலிக்கு வயல்களிற் கல் பொறுக்கினர். சபோக்கின் பிராண்டனில், துப்பாக்கிகளுக்காக இதே கல்லை உடைத்த தொழிலாளர் பலர் அதன் தூசியால் நுரையீரல் நோயுற்று மாண்டனர்.

1947ஆம் ஆண்டின் திட்டமிடற் சட்டத்தையடுத்து இத்தகைய வீடுகள் பல பாதுகாக்கப்படும் கட்டடங்களாகப் பட்டியலிடப்பட்டன. அது வரவேற்கத்தக்கதே. ஆயினும் கல்லின் வகையையும் கட்டிய காலத்தையும் பதிவுசெய்வதோடு நமது ஆய்வு நின்றுவிடலாகாது. கல்லைப் பொறுக்கியவரும், உடைத்தவரும், அடுக்கியவரும் அவ்வரலாற்றில் இடம்பெறல் வேண்டும்.